லியூத்தோமெர்

லியூத்தோமெர் என்பது ஸ்லோவேனியா நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள சிறிய நகரம். மாரிபோர் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், முரா ஆற்றுச் சமவெளியும் திராட்சைக் குன்றுகளும் சந்திக்கும் இடத்தில் இது அமைந்துள்ளது. ஸ்சாவ்னிட்சா என்னும் சிற்றாறு அருகே ஓடுகிறது. மக்கள்தொகை நான்காயிரத்துக்கும் குறைவு. சுற்றுவட்டாரத்துக்குப் பிர்லேக்கியா என்று பெயர். ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் இது ஸ்டைரியா மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அப்போது ஜெர்மன் மொழியில் இதன் பெயர் லுட்டன்பெர்க்.

திராட்சைக் குன்றுகள்

நகரின் தெற்கே லியூத்தோமெர்–ஓர்மோஷ் குன்றுகள் தொடங்குகின்றன. அவற்றின் நடுவே யெருசலேம் என்றொரு சிற்றூர் உண்டு. புனித நாட்டுக்குப் புறப்பட்ட சிலுவைப்போர் வீரர்கள் இவ்விடத்தின் அழகில் மயங்கி இங்கேயே தங்கிவிட்டதால் இப்பெயர் வந்தது என்பது மக்கள் சொல்லும் கதை. லாஷ்கி ரிஸ்லிங், ரைன் ரிஸ்லிங், ஷிபோன் முதலிய வெள்ளை ஒயினுக்கான திராட்சை வகைகளே இங்கு மிகுதி. ஷிபோன் என்பது ஹங்கேரியில் ஃபுர்மின்ட் எனப்படும் வகையே. நெப்போலியன் இதைச் சுவைத்துப் பிரெஞ்சு மொழியில் 'மிக நன்று' என்று சொன்னதே பெயராயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வூரின் பெயரைத் தாங்கிய ரிஸ்லிங் ஒயின் பிரிட்டனில் மிகப் பரவலாக விற்பனையாயிற்று.

பழம் கனியும் பருவத்தில் குன்றுகளின் மேல் 'குளோப்போட்டெட்ஸ்' எனப்படும் மரக் காற்றாடிகளை நாட்டுவர். காற்றில் சுழலும்போது சிறு மரச் சுத்திகள் பலகையில் மோதி 'கிளாப், கிளாப்' என ஓசை எழுப்பும். பழம் தின்ன வரும் பறவைகள் அஞ்சி ஓடும். நவம்பர் 11 அன்று வரும் புனித மார்ட்டின் திருநாளில் திராட்சைச் சாறு ஒயினாக மாறுகிறது என்பது மரபு. அன்று புது ஒயினுடன் வாத்து விருந்து நடைபெறும்.

உழைத்தவர் யார், உரிமையாளர் யார்?

இந்த அழகிய குன்றுகளுக்குப் பின்னால் ஒரு துயர வரலாறும் உண்டு. நல்ல திராட்சைத் தோட்டங்களில் பல பிரபுக்கள், மடங்கள், வெளியூர் வணிகர்கள் ஆகியோருக்கே சொந்தமாக இருந்தன. தோட்டத்தில் உழைத்தவர்கள் 'வினிச்சார்' எனப்பட்டனர். உரிமையாளர் தந்த குடிசையில் தங்குவதற்கும் சிறு துண்டு நிலத்தில் பயிரிடுவதற்கும் ஈடாக, குடும்பத்தோடு அவர்கள் தோட்ட வேலை செய்தனர். வேலை போனால் வீடும் போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியக் கொடிகளை அழித்தபோது இக்குன்றுகளும் தப்பவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்ளூர் வகைகளை ஒட்டுக்கட்டியே தோட்டங்களை மீட்டனர். வினிச்சார் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே முடிவுக்கு வந்தது.

1868ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டம்

ஸ்லோவேனிய மக்களின் வரலாற்றில் இந்நகருக்குத் தனி இடம் கிடைத்தது திராட்சையால் அன்று, மொழியால். அக்காலத்தில் ஸ்லோவேனிய மொழி பேசுவோர் ஸ்டைரியா, கார்னியோலா, கரிந்தியா எனப் பல மாகாணங்களில் பிரிந்து கிடந்தனர். அரசு அலுவலகங்களிலும் உயர் கல்வியிலும் ஜெர்மன் மொழியே ஆட்சி செய்தது. தன் வழக்கில் எழுதப்படும் தீர்ப்பைத் தானே படித்து அறிய முடியாத நிலையில் உழவர் இருந்தார்.

1868 ஆகஸ்ட் 9 அன்று லியூத்தோமெரில் முதல் 'தாபோர்' கூடியது. தாபோர் என்றால் திறந்தவெளியில் கூடும் பெருங்கூட்டம். பல்லாயிரம் பேர் திரண்டனர். அவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் தாய்மொழி வேண்டும், பிரிந்து கிடக்கும் மாகாணங்கள் ஒன்றுபட்ட ஸ்லோவேனியாவாக இணைய வேண்டும் என்பவை அங்கே எழுந்த கோரிக்கைகள். அதைத் தொடர்ந்து 1871 வரை பல ஊர்களில் இத்தகைய கூட்டங்கள் நடந்தன. பின்னர் அரசு அவற்றைத் தடுத்தது. ஆனால் விதைத்தது வீணாகவில்லை. 1941இல் ஜெர்மனி இப்பகுதியைக் கைப்பற்றியபோது பள்ளிகளிலிருந்து ஸ்லோவேனிய மொழி விலக்கப்பட்டது. ஆசிரியர்களும் குருமார்களும் நாடு கடத்தப்பட்டனர். மொழியை ஒடுக்கினால் மக்களை ஒடுக்கலாம் என்று ஆக்கிரமிப்பாளர் எண்ணியதை இது காட்டுகிறது. 1991இல் ஸ்லோவேனியா தனி நாடானது.

அறிஞரும் கலைஞரும்

ஸ்லாவிய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய ஃபிரான் மிக்லோஷிச் (1813–1891) இந்நகரின் அருகிலுள்ள ராடோமெர்ஷ்சாக் என்னும் சிற்றூரில் பிறந்தவர். வியன்னா பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார்.

ஸ்லோவேனியாவின் முதல் திரைப்படங்களும் இங்கேயே பிறந்தன. கரோல் கிரோஸ்மன் என்னும் வழக்கறிஞர் 1905இல் லியூத்தோமெர்ச் சந்தையையும், ஞாயிறு வழிபாடு முடிந்து ஆலயத்திலிருந்து வெளியேறும் மக்களையும் படம்பிடித்தார். மறு ஆண்டு தம் வீட்டுத் தோட்டத்தில் தம் குடும்பத்தாரைப் பதிவு செய்தார். சில நிமிடங்களே ஓடும் இப்படங்களில் நடிகர்கள் இல்லை. அன்றைய ஊர் மக்களின் நடையும் உடையும் அப்படியே தெரிகின்றன. அவர் பெயரால் இன்று திரைப்பட, ஒயின் விழா ஒன்று நடைபெறுகிறது.

இன்றைய வாழ்வு

பூசணி விதை எண்ணெய், அடுக்கடுக்காகப் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் கிபானிட்சா, மரத்தொட்டியில் பன்றிக் கொழுப்பினுள் புதைத்துப் பாதுகாக்கும் துன்கா இறைச்சி ஆகியவை பிர்லேக்கியாவின் உணவுகள். வண்டி இழுத்து ஓடும் குதிரைப் பந்தயமும், அதற்கென வளர்க்கப்படும் லியூத்தோமெர்க் குதிரை இனமும் நகருக்குப் புகழ் சேர்க்கின்றன. நகர அருங்காட்சியகத்தில் தாபோர் இயக்கத்தின் வரலாறு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. சின்னஞ்சிறு ஊரின் திடலில் உழவர்கள் கேட்ட மொழியே இன்று ஒரு நாட்டின் ஆட்சிமொழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்றும் கூட.