கை வீங்குவது ஏன்?



திருவிடைமருதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் வளையல் இறுகியது; ரவிக்கைக் கை ஏறவில்லை. "யானைக்கால் வியாதி கைக்கு வந்துவிட்டது" என்றார்கள் தெருவார். வெட்கப்பட்டு, முந்தானையால் கையை மூடியபடி நான்கு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

தெருவாரைக் குறை சொல்வதற்கில்லை. கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பெயர்போனது. ஆனால் அது கொசுவால் பரவும் புழுவினால் வருவது. இந்தச் சகோதரியின் கையில் புழு இல்லை. யாருக்கும் இது ஒட்டாது.

வடிகால் தூர்ந்த வயலில் தண்ணீர் தேங்குவதை டெல்டாக்காரர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கையின் நிணநீர் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகள் வழியாக வடிகிறது. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை நீக்கவும் அவற்றை எடுக்கிறார்கள். அக்குளை முழுவதும் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. முதல் ஒன்றிரண்டு கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் இருபதில் ஒருவருக்குத்தான். ஆனால் நம் பெண்கள் கட்டி பெரிதான பிறகே வருகிறார்கள். அப்போது பலருக்குக் குறைவாக எடுக்க வழியிருப்பதில்லை. அக்குளில் கரண்ட் சிகிச்சையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். உடல் பருமனும் கூட்டும்.

2016-இல் பாஸ்டனில் 600-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து எழுதினார்கள். அந்தக் கையில் ஊசி போட்டதும் இரத்த அழுத்தம் பார்த்ததும் வீக்கத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கூட்டியது, தோலில் கிருமி புகுந்து கை சிவந்து வீங்கும் நோய். அரிவாள் கீறல், முள், சேற்றுப்புண், நகச்சுற்று எல்லாம் அதற்கு வாசல். இருந்தாலும் மறு கை நன்றாயிருக்கும்போது ஊசியை அதில் போடுவதே எங்கள் வழக்கம்.

"அந்தக் கையால் ஒன்றும் தூக்காதே" என்று முன்பு நாங்களும் சொல்லி அனுப்பினோம். அது சரியல்ல. கை வீங்கிய பெண்களுக்கு எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கப் பழக்கியபோது வீக்கம் அதிகரிக்கவில்லை என்று 2009-இல் அமெரிக்காவில் கண்டார்கள். தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும்.

திடீர் வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். புற்றுநோய் திரும்பியிருக்கலாம், இரத்தம் உறைந்திருக்கலாம். ஆகவே வளையல் இறுகும் நாளிலேயே வரவேண்டும். தொடக்கத்தில் இறுக்கக் கட்டும் பயிற்சியும் நன்கு பலன் தரும். வருடக்கணக்கில் விட்டால் கை கெட்டித்துப்போகும். பிறகு போடும் இறுக்க உறையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பெரிய செலவு.

கட்டுப்போட்டபின் அந்தச் சகோதரி கேட்ட முதல் கேள்வி, "நடவுக்குப் போகலாமா ஐயா?" என்பதே. போகலாம் என்றோம். இடையிடையே ஓய்வு எடுக்கவும், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவவும் சொன்னோம். கை சிவந்து காய்ச்சல் கண்டால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே வரச்சொல்லி அனுப்பினோம்.