புயல் வருமா, வராதா? கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் கடற்கரை ஊர்களில் கடை வைத்திருக்கும் நமக்கு இரண்டு கவலைகள். தீபாவளிக்குக் கொடுத்த கடன் வசூலாகுமா என்பது ஒன்று. வங்கக் கடலில் உருவாகும் புயல் நம் பக்கம் திரும்புமா என்பது மற்றொன்று. முதல் கவலைக்கு நம்மிடம் பேரேடு இருக்கிறது. யார் சொன்ன தேதியில் தருவார், யார் பொங்கல் வரை இழுப்பார் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடும். இரண்டாவது கவலைக்கு நாம் கணக்கே போடுவதில்லை. "வரும்" என்கிறார்களா, "வராது" என்கிறார்களா என்று மட்டும் கேட்கிறோம். இந்தப் பழக்கத்தால் நான் பட்ட நஷ்டத்தைச் சொன்னால் சக வியாபாரிகள் நாலு பேருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பட்டறிவு

கடலூரில் எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம். கிடங்கு தென்பெண்ணை ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து, சர்க்கரையும் மைதாவும் கூழாகிப் போயின. அன்றிலிருந்து புயல் என்றால் உடனே ஆள் கூப்பிட்டு, கீழ் வரிசை மூட்டைகளை மாடிக்கு ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

2016 டிசம்பர் தொடக்கத்தில் 'நாடா' புயல் கடலூர் அருகே கடக்கும் என்றார்கள். மூட்டைகளை ஏற்றினோம். அது கடலிலேயே வலுவிழந்து, காரைக்கால் பக்கமாக வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறியது. 2018 நவம்பரில் 'கஜா'. முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாற்றினார்கள். மறுபடி ஏற்றினோம். 16ஆம் தேதி அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்து, டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை அழித்தது. 2020 நவம்பரில் 'நிவர்' புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பக்கம் போனது. அப்போதும் ஏற்றி இறக்கினோம்; எங்கள் கிடங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று முறையும் கூலி வீண். "முதலாளிக்கு வானிலை அறிக்கை கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும்" என்று பையன்கள் கேலி பேசினார்கள். எனக்கும் சலித்துவிட்டது.

2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்' வந்தது. 27ஆம் தேதி புயலாக மாறும் என்றார்கள், மாறவில்லை. 28ஆம் தேதி, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். சொல்லி வைத்திருந்த ஆட்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். 29ஆம் தேதி பிற்பகல் அது புயலாகவே மாறிவிட்டது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ., விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை.

எங்கள் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. "தப்பித்தோம்" என்று மறுநாள் கடையைத் திறந்தேன். ஆனால் அந்த மழை உள்நாட்டுக்கு நகர்ந்து, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து சுமார் 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் கடலூர் வந்தபோது கிடங்கில் இடுப்பளவு நின்றது. சர்க்கரை 40 மூட்டை, துவரம்பருப்பு, உப்பு, வெல்லம் எல்லாம் சேர்த்து 3 லட்ச ரூபாய்க்கு மேல் போயிற்று. வீணாகப் பயந்த மூன்று முறையும் சேர்ந்து எனக்கு 18 ஆயிரம் ரூபாய்தான் செலவு. பயப்படாத ஒரு முறைக்குக் கொடுத்த விலை இது.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

இதில் யார் மேல் குற்றம் என்று யோசித்துப் பார்த்தேன். வானிலைத் துறை மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்துப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது.

புயல் தானாக ஒரு திசையில் ஓடுவதில்லை. ஆற்றில் விழுந்த சருகுபோல, உயரத்தில் வீசும் பெருங்காற்று இழுக்கும் பக்கம் போகிறது. அந்த இழுப்பு வலுவாக இருந்தால் புயலின் பாதை ஒழுங்காக இருக்கும், கணிப்பதும் எளிது. இழுப்பு குறைந்தால் புயல் நின்றுவிடும், அல்லது திரும்பிவிடும். ஃபெஞ்சல் நின்றது அப்படித்தான்.

புயலின் பலம் வேறு விஷயம். கடல் நீரின் வெப்பம் சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் அதற்குத் தீனி கிடைக்கும். மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் வீசினாலோ, வறண்ட காற்று உள்ளே புகுந்தாலோ அதன் உடல் சிதைந்துவிடும். சில மணி நேரத்தில் தேறவும் செய்யும், தேயவும் செய்யும். அதனால்தான் புயல் எங்கே போகும் என்பதைவிட எவ்வளவு வலுக்கும் என்பதைச் சொல்வது கடினம்.

நடுக்கடலில் இதை அளக்க நம்மிடம் இருப்பவை இன்சாட் செயற்கைக்கோள் படங்கள், சில மிதவைக் கருவிகள், கப்பல்கள் தரும் தகவல். கரைக்கு நெருங்கினால் சென்னை, காரைக்கால் ரேடார்கள் பார்க்கும். அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டி அளந்து வருகிறார்கள். வங்கக் கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் ஏற்பாடு இல்லை. ஆகவே பெரும்பாலும் மேகத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். இன்றைய நிலையை அளப்பதில் சிறு பிசகு இருந்தால், மூன்று நாள் கழித்து அது பெரும் பிசகாகிவிடும். கொள்முதல் விலையில் கிலோவுக்கு 25 காசு தவறாக எழுதினால் ஆண்டுக் கணக்கில் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா?

எத்தனை கிலோமீட்டர் தவறலாம்?

வானிலைத் துறை தன் தவறையும் அளந்து வெளியிடுகிறது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டோம். 2016 முதல் 2020 வரையிலான புயல்களில், 24 மணி நேரத்துக்கு முன் சொன்ன இடத்துக்கும் புயல் உண்மையில் இருந்த இடத்துக்கும் சராசரி வித்தியாசம் 80 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 48 மணி நேரத்துக்கு முன் சொன்னதில் 120 கி.மீ. அளவு, 72 மணி நேரத்துக்கு முன் சொன்னதில் 160 கி.மீ. அளவு. புயல் பாதைப் படத்தில் புனல்போல விரிந்து கொண்டே போகும் பகுதி இந்தத் தவறின் அளவைக் காட்டுவதுதான். நடுவில் உள்ள கோட்டை மட்டும் பார்த்து "நம் ஊர் இல்லை" என்று சொல்வது தப்பு. நாளை புதுச்சேரியில் கடக்கும் என்றால், மரக்காணத்துக்காரரும் கடலூர்க்காரரும் பரங்கிப்பேட்டைக்காரரும் அது தங்கள் ஊர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புனலிலும் ஒரு குறை உண்டு. அது புயலின் மையம் போகக்கூடிய இடத்தை மட்டும் காட்டும். மழை அதற்கு வெளியேயும் பெய்யும். 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, மூழ்கியது சென்னை. மையம் சென்னைக்குச் சுமார் 100 கி.மீ. தொலைவில் கடலில் இருந்தபடியே மழையைக் கொட்டியது.

எனக்கு நேர்ந்த பிசகும் இதுதான். "புயல்" என்ற சொல்லுக்கு மட்டும் காது கொடுத்தேன். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பெயர் மாறுவது காற்றின் கணக்கில்தான். மழைக்கு அந்தக் கணக்கு இல்லை. 30ஆம் தேதிக்குக் கடலூர் மாவட்டத்துக்கு அதிகனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து முடிவு செய்பவர்களும் நம்மில் உண்டு. 1, 2ஆம் எண் என்றால் புயல் தொலைவில். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். ஆனால் அந்தக் கூண்டு கப்பல்களுக்கானது. ஆற்றங்கரைக் கிடங்குக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று அது சொல்லாது.

ஐம்பதில் ஒன்று

இனி நம் கணக்குக்கு வருவோம். கிடங்கின் கீழ் வரிசையை ஏற்றி இறக்க எனக்கு 6,000 ரூபாய் கூலி. ஏற்றாமல் தண்ணீர் வந்தால் 3 லட்சம் நஷ்டம். அதாவது 50 முறை ஏற்றி, 49 முறை வீணாகி, ஒரே ஒரு முறை பலித்தாலும் கைக்கு நஷ்டமில்லை. எனக்கோ நான்கில் ஒன்று பலித்தது. கடன் கொடுக்கும்போது ஆயிரம் ரூபாய் வராமல் போனால் தாங்கலாம், லட்சம் என்றால் கூடாது என்று பார்க்கிறோமே, அதே கணக்குதான். ஒவ்வொரு கடைக்காரரும் தம் கூலியையும் சரக்கு மதிப்பையும் வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம்.

புலி வருது, புலி வருது என்று கத்திய பையன் கதையில் பையன் பொய் சொன்னான். வானிலைத் துறை சொன்னது பொய்யல்ல. வரக்கூடும் என்றார்கள், அந்த முறை வரவில்லை. நாடா பிசுபிசுத்துப் பத்தே நாளில், 2016 டிசம்பர் 12ஆம் தேதி, வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டது. அதுவும் முதலில் ஆந்திரக் கரைக்குப் போகும் என்று எதிர்பார்க்கப்பட்ட புயல்தான். போன தடவை வீணானது என்பதற்காக இந்தத் தடவையும் வீணாகும் என்று எண்ணக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. உங்கள் சரக்கை ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்று இப்போதே கணக்கிடுங்கள். எங்களுக்கு 8 மணி நேரம். எல்லோரும் ஆள் தேடும் கடைசி நாளில் கூலியும் கூடும், ஆளும் கிடைக்காது. ஆகவே கரையைக் கடப்பதாகச் சொல்லும் நேரத்துக்கு 36 மணி முன்பே தொடங்கிவிடுகிறோம். உறுதியான செய்தி வரட்டும் என்று காத்திருந்தால், அது வரும்போது சாலையில் தண்ணீர் இருக்கும்.

2. ஏற்றும் வரிசை: முதலில் சர்க்கரை, உப்பு, வெல்லம், மாவு வகைகள். அடுத்து பருப்பு, மிளகாய், மல்லி. பிறகு அரிசி. எண்ணெய் டின்னும் சோப்புப் பெட்டியும் கடைசியில். கடன் பேரேடு, ஜி.எஸ்.டி. ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை எல்லாவற்றுக்கும் முன்பே வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

3. தீ விபத்துக் காப்பீட்டில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாருங்கள். இருப்புப் பட்டியலையும் கிடங்கின் புகைப்படத்தையும் தேதியோடு வைத்திருங்கள்.

4. மழை எச்சரிக்கையைத் தனியாகக் கவனியுங்கள். ஆற்றோரத்தில் இருப்பவர்கள், புயல் கரையைக் கடந்த பிறகும் மூன்று நாள் அணை நீர்த் திறப்புச் செய்தியைக் கேட்க வேண்டும். அதுவரை மூட்டையை இறக்க வேண்டாம்.

5. மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர், பிஸ்கட், பேட்டரி ஆகியவற்றை ஐப்பசியிலேயே கூடுதலாக வாங்கி வையுங்கள். புயல் வராவிட்டாலும் இவை விற்கும் சரக்குதான். வந்தால் அன்று வழக்கமான விலைக்கே கொடுங்கள். இருட்டில் மெழுகுவத்திக்கு இரட்டை விலை வாங்கிய கடையை ஊர் மறக்காது.

2025 புரட்டாசியில் எங்கள் கிடங்கில் இரண்டடி உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டினோம். கல்லாவுக்குப் பக்கத்தில் மேலே சொன்ன ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். அதன் கீழே பையன்கள் படிக்கட்டும் என்று இன்னொரு வரியும் எழுதி வைத்தேன்: "மூட்டை ஏற்றினோம், புயல் வரவில்லை என்றால், 6,000 ரூபாயைச் செலவுக் கணக்கில் எழுது; நஷ்டக் கணக்கில் எழுதாதே."