நித்திரையும் ஒரு பழக்கம்தான்

இரவுக் கடமை முடித்து வந்த தாதி அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரிக் கிடக்கு, தங்கச்சி. ஆனால் பாயிலை சரிஞ்சால் கண் மூடுதில்லை. ஷெல்லுக்குப் பயந்து முழிச்சிருந்து பழகின மனம் இன்னும் மாறேல்லை."

இது அவருடைய துன்பம் மட்டுமல்ல. பங்கருக்கு ஓடுவதற்காக அரை நித்திரையில் கிடந்த எத்தனையோ பெண்கள், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் அப்படியே படுக்கிறார்கள். அன்று உயிரைக் காத்த விழிப்பு இன்று உடலை வருத்துகிறது.

1972 இல் அமெரிக்க உளவியலாளர் றிச்சர்ட் பூட்சின் ஓர் எளிய வழியை எழுதினார். பாய் நித்திரைக்கு மட்டுமே. பதினைந்து, இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறிடத்தில் அமைதியாக இருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். பாயில் கிடந்து யோசித்துப் பழகினால், பாயைக் கண்டதுமே மனம் யோசிக்கத் தொடங்கும். அந்தத் தொடர்பை அறுப்பதே நோக்கம். நாட்பட்ட நித்திரையின்மைக்குக் குளிசைக்கு முன்னர், பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்செய்யும் இத்தகைய சிகிச்சையையே கொடுக்க வேண்டுமென 2016 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் பரிந்துரைத்தது.

இரவில் வேலை செய்பவர்களுக்கு மேலும் சில கவனங்கள் தேவை. வெளிச்சம் உடலை விழிக்கச் சொல்லும். ஆகவே காலையில் குடை பிடித்து வாருங்கள். படுக்கும் அறை யன்னலைத் தடித்த துணியால் மறையுங்கள். நள்ளிரவுக்குப் பின் தேத்தண்ணி, கோப்பியைத் தவிருங்கள். இரவுக் கடமை நாட்களில் ஒரே நேரத்தில் படுங்கள்.

வீட்டார் உதவாமல் இவை நடவா. வந்ததும் சமையல், உடுப்புத் தோய்த்தல், பிள்ளைகள் என்று வேலைகள் காத்திருக்கும். பகலில் படுப்பவளைச் சோம்பேறி என்பார்கள். இரவில் நோயாளியைப் பார்த்தவளுக்குப் பகல்தான் இரவு என்பதை வீட்டில் இருந்து கதையுங்கள்.

அந்த அக்காவுக்கு முதற் கிழமை களைப்புக் கூடியது. அதுவும் வழமைதான். மூன்றாம் கிழமையில் நாலு மணித்தியாலம் தொடர்ந்து உறங்கினார்.

குளிசை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. கெட்ட கனவும் பழைய நினைவும் வதைத்தால் யாழ். போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, சகோதரிகளே. விழித்திருக்கப் பழகிய மனம் உறங்கவும் பழகும்.