தனி அடுப்பும் கூட்டு மூலதனமும்

சமயபுரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் திருவானைக்காவல். அங்குள்ள சம்புகேசுவரர் கோயில் திருப்பணியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரின் பங்கு பெரிது. காரைக்குடி வட்டாரத்துக்காரர்கள், சொந்த ஊர்க் கோயில்களுக்குச் செய்தது போதாதென்று, காவிரிக்கரைக் கோயிலுக்கும் வாரிக் கொடுத்தார்கள். இவ்வளவு பணம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், ஆண்கள் கப்பலேறினார்கள், கொழும்பிலும் ரங்கூனிலும் வட்டிக்கு விட்டார்கள், செல்வத்தோடு ஊர் திரும்பினார்கள் என்ற பதில்தான் வரும். அது பொய்யில்லை. ஆனால் கப்பலேறியவன் கையில் இருந்த முதல் யாருடையது, மூன்று வருஷம் அவன் இல்லாதபோது குடும்பம் எதை வைத்து நடந்தது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தாரின் வீடே அவர்களுடைய முதல் வங்கியாக இருந்தது. அந்த வங்கியில் பெண்களின் பணம் ஒரு தூணாக நின்றது.

செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் இடம். கல்யாணம் முடிந்ததும் புதுத் தம்பதியை 'வேறு வைத்து' விடுவார்கள். கூரையும் சொத்தும் பொது. உலை மட்டும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு செலவுப் பணம் என்று தகப்பனார் அளந்து கொடுப்பார். அதற்குள் நடத்த வேண்டியது மருமகளின் பொறுப்பு. மிச்சம் பிடித்தால் அது அவளுடையது. தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பும் இந்தத் தனிச் சமையலைக் குறிப்பிடுகிறது. கோயில் வரியும் இதே கணக்கில்தான்: கல்யாணமானவன் குடும்பம் ஒரு புள்ளி, கைம்பெண் அரைப் புள்ளி. கூட்டுக் குடும்பம் என்றவுடன் ஒரே பானையில் பொங்கி, ஒரே பெட்டியிலிருந்து செலவழிக்கும் வீட்டை நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஒவ்வொரு அடுப்புக்கும் வரவு செலவு தனி. வணிகன் வெளிநாட்டில் இருக்கும்போது வீடு தடுமாறாமல் நடக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. பெண்கள் ஓலைக் கொட்டான் முடைந்து ஓய்ந்த நேரத்தையும் உழைப்பாக்கியதை இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்யாணத்தையே எழுத்தில் வைத்தவர்கள் நகரத்தார். மணநாளில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதப்படும். நாள், ஊர், இளையாற்றங்குடியா பிள்ளையார்பட்டியா என்று கோயில் பிரிவு எல்லாம் அதில் ஏறும். மொய்ப்பணத்துக்குத் தனி ஏடு. பெண்ணுக்குக் கொடுத்த சீதனத் தொகை பெட்டியில் தூங்கவில்லை. உறவினர் ஒருவரின் கடையில் அவள் பெயரில் வரவு வைக்கப்பட்டு வட்டி ஏறிக்கொண்டே போகும், அவளுடைய மகளின் கல்யாணம்வரை. கடைக் கணக்கில் சொந்தப் பணம், மேன்பணம் என்பவற்றோடு 'ஆச்சிமார் பணம்', அதாவது வீட்டுப் பெண்களின் பணம், என்றும் ஒரு வகை இருந்ததே இதற்குச் சான்று. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போய், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐராவதி வடிநிலத்தில் நெல் விளைச்சல் பெருகியபோது, காட்டைத் திருத்திய விவசாயிக்கு ஐரோப்பிய வங்கிகள் கடன் கொடுக்க முன்வரவில்லை. செட்டியார் கொடுத்தார். அவர் பின்னால் உறவினர் வைப்புத்தொகை இருந்தது. ரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். அந்த விகிதம் ஊரில் கொட்டான் முடைந்துகொண்டிருந்த ஆச்சியின் வருமானத்தையும் தொட்டது. 1881இல் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை செட்டியார் 1929இல் செட்டிநாடு வங்கியைத் தொடங்கினார். அவருடைய அண்ணன் ராமசாமி செட்டியார் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர். வங்கி என்ற பெயர்ப்பலகைதான் அவர்களுக்குப் புதிது, தொழில் தலைமுறைகளுக்குப் பழையது.

பணம் பெண் பெயரில் இருந்தால் போதுமா, அதிகாரம் ஆணிடம்தானே இருந்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கடையில் எந்த ஆச்சியும் முதலாளியாக உட்காரவில்லை. யாருக்குக் கடன், எந்த ஊரில் கிளை என்பதை ஆண்களே முடிவு செய்தார்கள். கைம்பெண்ணை அரைப் புள்ளியாக எண்ணிய சமூகம் அது. ஆனால் தன் பெயரில் தனி வரவு, தன் அடுப்புக்குத் தனிச் செலவு என்ற இரண்டும் அந்தக் காலத்துப் பல குடும்பங்களில் பெண்ணுக்குக் கிடைக்காதவை. அதிகாரம் இல்லை என்பதால் பங்களிப்பும் இல்லை என்று எழுதிவிடுவது அவர்களுக்கு இரண்டாவது அநீதி. சிக்கனமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வோரும் உண்டு. சிக்கனமானவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். மிச்சம் பிடித்த பணம் உடனே ஏடேறிக் கடல் கடந்து வேலை செய்ய வழி இருந்தது இங்கேதான்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு, இந்தச் செல்வம் பர்மிய விவசாயியின் கடனிலிருந்து வந்தது என்பது. மறுக்க முடியாது. 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை என்ற வாதத்தில் உண்மை உண்டு. அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். ஆனாலும் நிலத்தை இழந்தவன் இழந்தவன்தான். வணிகத்தின் பெருமையில் வீட்டுக்கும் பங்கு கேட்கிற நாம் இந்தக் கடனிலும் அந்தப் பங்கை ஏற்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கு விரைவிலேயே வீட்டுக்கும் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது கடைகளை விட்டு ஓடிவந்தார்கள். 1948இல் பர்மிய அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. முடங்கியது கடைமுதல் மட்டுமல்ல, அந்தக் கடைகளில் வரவு வைத்திருந்த சீதனங்களும்தான்.