இவருக்கு ரெட், அவருக்கு யெல்லோ: ரக்பி ஃபைனலில் நடந்தது என்ன?

2023 ரக்பி உலகக்கோப்பை ஃபைனல், பாரீஸ். தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. தோற்ற அணியின் ரசிகர்களுக்கு ஆதங்கம் இன்னும் தீரலை. ரெண்டு கேப்டன்களும் எதிராளியின் தலையில் மோதினார்கள். சாம் கேனுக்கு ரெட், சியா கொலிசிக்கு மட்டும் ஏன் யெல்லோ?

நடுவர் வேய்ன் பார்ன்ஸ் முதலில் இருவருக்கும் காட்டியது யெல்லோதான். பிறகு 'பங்கர்' அதிகாரி 8 நிமிடத்துக்குள் வீடியோ பார்த்து முடிவு சொல்வார். தலையில் பட்டதா என்பதோடு, எவ்வளவு ஆபத்தான மோதல், தவிர்க்க முடியாத சூழலா என்பதும் கணக்கு. கேனின் கார்டு ரெட் ஆனது. ஆண்கள் ஃபைனலில் இதுவே முதல் ரெட். கொலிசி 10 நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

சரி, தோல்விக்கு கார்டு மட்டும்தான் காரணமா? 14 பேரோடு ஆடியும் பியூடன் பேரட் ட்ரை போட்டார். ஆனால், 2 பாயின்ட் தரும் கன்வெர்ஷனை மோவுங்காவும், 3 பாயின்ட் பெனால்டியை ஜோர்டி பேரட்டும் தவறவிட்டார்கள். எதிர்ப்பக்கம் பொலார்ட் 4 பெனால்டியையும் உள்ளே அடித்தார். டு டோய்ட் 28 டேக்கிள்!

கோபமெல்லாம் திரும்பியது நடுவர்கள் பக்கம். வசவும் மிரட்டலும் தாங்காமல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகினார் டிவி நடுவர் டாம் ஃபோலி. இத்தனைக்கும், அந்த ரெட்டை முடிவு செய்த பங்கர் அதிகாரி அவரில்லை.