ஆடா, கோட்டா?
ஆங்கில ஒலிகளும் நம் காதுகளும்

பள்ளியில் என்னுடன் ஒன்பதாம் வகுப்பில் படித்த நண்பன் ஒருவன், ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று படித்தான். 'எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது' என்று பொருள்படும் வாக்கியம் அது. மின்விசிறிக்கு உரிய ஆங்கிலச் சொல் அவன் வாயிலிருந்து 'பேன்' என்று வந்தது. தலையில் பேன்! வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆசிரியராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் உட்கார்ந்தான். ஆண்டு முடியும்வரை ஆங்கில வகுப்பில் அவன் வாய் திறக்கவே இல்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலருக்கும் இப்படி நேர்ந்திருக்கலாம். "எனக்கு நாக்குப் புரளாது" என்று நீங்களே முடிவு கட்டியும் இருக்கலாம். அந்த முடிவு சரிதானா? நாக்கு உண்மையிலேயே குற்றவாளியா? வாருங்கள், விசாரித்துப் பார்ப்போம்.

ஒரே எழுத்து, இரண்டு ஒலி

தேர்வில் 'காப்பி' அடிப்பது தவறு. காலையில் 'காப்பி' குடிப்பது தவறன்று. நாம் ஒரே மாதிரி சொல்லும் இவை ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள். அணியும் 'கோட்' ஒரு சொல், மேயும் ஆடாகிய 'கோட்' வேறு சொல். பழமாகிய 'பேர்' வேறு, கரடியாகிய 'பேர்' வேறு. பனிக்கட்டியும் நமக்கு 'ஐஸ்'தான், கண்களும் 'ஐஸ்'தான்! விலையும் 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்'. தமிழில் எழுதினால் இவற்றுள் வேற்றுமையே தெரிவதில்லை பார்த்தீர்களா?

இனி ஒரு சிறு சோதனை. இரண்டு விரல்களைத் தொண்டையின் நடுவிலுள்ள மேட்டின்மேல் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பைப் போலச் சீறுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து 'ம்ம்ம்' என்று முனகுங்கள். விரலடியில் கிர்ரென்று அதிர்வு தெரியும்.

அந்த மேட்டுக்குள் இருப்பதுதான் குரல்வளை. அதனுள்ளே குரல் நாண்கள் என்னும் இரண்டு மடிப்புகள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் திறந்து மூடி அதிரச் செய்கிறது. வளர்ந்த ஆணின் குரலில் இந்த அதிர்வு விநாடிக்குச் சற்றேறக்குறைய 120 முறை. பெண்ணின் குரலில் 200 முறைக்கு மேல். சிறுவர்களுக்கு இன்னும் அதிகம். நாண்கள் அதிரப் பிறப்பது அதிர்வொலி. அதிராமல் பிறப்பது அதிர்விலா ஒலி.

இப்போது 'பல்' என்று சொல்லுங்கள். பிறகு 'கம்பு' என்று சொல்லுங்கள். இரண்டிலும் உள்ளது பகரம்தான். ஆனால் பல்லில் உள்ள ப அதிர்விலா ஒலி. கம்பில் உள்ள ப அதிர்வொலி. அதுபோலவே 'கல்', 'சங்கு' என்பவற்றில் க இரண்டு விதம். 'அச்சு', 'பஞ்சு' என்பவற்றில் ச இரண்டு விதம். 'பட்டு', 'வண்டு' என்பவற்றில் ட இரண்டு விதம்.

ஆகவே ஆங்கிலம் கேட்கும் இரட்டை ஒலிகள் நம் வாயில் முன்பே இருக்கின்றன! நமக்கு எங்கே எது வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டித்து வரும்போதும் அதிர்விலா ஒலி. மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்வொலி. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த ஒழுங்கை விளக்கியிருக்கிறார். இடம் தீர்மானிப்பதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. தனி எழுத்து இல்லாததால் நாம் அந்த வேற்றுமையைக் கவனிப்பதும் இல்லை.

ஆங்கிலத்தில் அப்படியன்று. அங்கே சொல்லின் முதலிலேயே இரண்டும் வரும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் பொருள் மாறிவிடும். கோட்டைக் கழற்றி மாட்டச் சொன்னால் ஆட்டைத் தேட வேண்டிவரும்!

சொல்லின் முதலில் அதிர்வொலி நமக்கு வராது என்று எண்ணிவிடாதீர்கள். 'குண்டு' என்று சொல்லிப் பாருங்கள். பேச்சில் பெரும்பாலோர் அதைச் சங்கின் க-வோடுதான் தொடங்குகிறோம். 'பாவம்' செய்யாதே என்கிறோம். நடனத்தில் 'பாவம்' நன்றாக இருந்தது என்கிறோம். எழுத்து ஒன்றே, வாயோ வேற்றுமை காட்டிவிடுகிறது. ஆகவே ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் 'குண்டு' போலத் தொடங்குங்கள். கோட்டைக் 'குடை' போலத் தொடங்குங்கள். பாதி வேலை முடிந்தது.

காகிதத் துண்டு சொல்லும் உண்மை

மீதிப் பாதிக்கு ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும். அதை உதடுகளுக்கு எதிரே, நான்கு விரற்கடை தூரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, 'பின்னால்' என்று தமிழில் சொல்லுங்கள். காகிதம் பெரிதாக அசையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லைச் சொன்னால் காகிதம் துள்ளும். அந்த ப-வைத் தொடர்ந்து ஒரு மூச்சுக் காற்று வெடித்து வருவதே காரணம்.

லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ரம்சன் என்ற அமெரிக்க அறிஞர்கள் இதை அளந்து பார்த்தார்கள். உதடு திறந்த கணத்துக்கும் குரல் நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்பதே கேள்வி. 1964-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற 11 மொழிகளுள் தமிழும் ஒன்று. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மில்லி விநாடி. பல்லின் ப-வில் தமிழர்க்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 10 மில்லி விநாடிதான். ஆங்கிலேயரின் அதே ஒலியில் ஏறத்தாழ 60. கம்பின் ப-வை ஒத்த ஒலியிலோ ஆங்கிலேயரின் இடைவெளி மிகச் சிறியது.

இதன் விளைவு வேடிக்கையானது. நாம் பழத்தைச் சரியாகவே பல்லின் ப-வோடு சொன்னாலும், மூச்சு வெடிக்காததால் அவர்கள் காதுக்கு அது கரடியாகக் கேட்கக்கூடும்! ஆகவே ஆங்கிலச் சொல்லின் முதலில் அதிர்விலா ப, க, ட வந்தால் காகிதம் அசையும்படி சற்று மூச்சு விடுங்கள்.

சொல்லின் இறுதிக்கு வேறு வழி உண்டு. பையும் நமக்கு 'பேக்', முதுகும் 'பேக்'. ஆங்கிலேயர் பையைச் சொல்லும்போது உயிரொலியை நீட்டி, சங்கின் க-வில் முடிக்கிறார்கள். முதுகைச் சொல்லும்போது உயிரைச் சட்டென்று வெட்டிக் கல்லின் க-வில் நிறுத்துகிறார்கள். கண்களில் 'ஐ' நீளும். பனிக்கட்டியில் 'ஐ' குறுகும். குறிலும் நெடிலும் அறிந்த நமக்கு இது கடினமா என்ன?

தொல்காப்பியர் காட்டும் இடம்

இனி 'பேன்' பிரச்சினைக்கு வருவோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று எந்தெந்த உறுப்புகளில் பட்டு ஒலியாகிறது என்று சொல்கிறது. அதன்படி வகரம் பிறக்கும் இடம் பல்லும் இதழும் சேரும் இடம். கண்ணாடி முன் நின்று, மேற்பற்களைக் கீழுதட்டின்மேல் மெல்லப் பதித்து 'வ்வ்வ்' என்று சொல்லுங்கள். உதட்டில் கூச்சம் தெரியும். தொண்டையில் அதிர்வு தெரியும். இப்போது பல்லையும் உதட்டையும் அசைக்காமல் குரலை மட்டும் நிறுத்தி, வெறும் காற்றை ஊதுங்கள். வந்ததா? இதுவே இக்காலத்தில் நாம் ஆய்தத்தைச் சேர்த்து 'ஃப' என்று எழுதும் ஒலி. மின்விசிறியின் முதல் ஒலி இதுதான். குடிக்கும் காப்பியின் நடுவிலும் இதுவே வரும். நகல் எடுக்கும் காப்பியில் உதடுகள் இரண்டும் மூட வேண்டும்.

மேற்குத் திசையும் உள்ளே அணியும் பனியனும் நம் வாயில் 'வெஸ்ட்' என்று ஒன்றாகிவிடுகின்றன. பனியனுக்குப் பல் உதட்டைத் தொட வேண்டும். மேற்குக்குப் பல்லுக்கு வேலையே இல்லை. 'உ' சொல்வதுபோல் உதடுகளைக் குவித்து, அங்கிருந்து 'எ'-க்கு வழுக்கிச் செல்லுங்கள். கண்ணாடியே உங்கள் ஆசிரியர்.

பரிசில் வரும் கடைசி ஒலிக்கும் இதே தந்திரம்தான். பாம்பின் 'ஸ்ஸ்ஸ்' சீறலை நிறுத்தாமலே குரலைச் சேருங்கள். அது வண்டின் ரீங்காரமாக மாறும். விலை பாம்பில் முடியும். பரிசு வண்டில் முடியும்.

மூன்றையும் மரத்தையும் குறிக்கும் சொற்களில் தவிப்பவர்கள் 'அது', 'இது' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள த-வில் காற்று முழுவதும் அடைபடுவதில்லை, பல்லோரம் கசிகிறது. 'அது' என்பதற்கு உரிய ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி ஏறத்தாழ இதுவே! நாக்கு நுனி பற்களுக்கு இடையே எட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவு. அதே நிலையில் குரலை நிறுத்தி ஊதினால் மூன்றின் முதல் ஒலி கிடைக்கும். மரத்துக்கு நாக்கு நுனி 'மன்னன்' என்பதில் ன் பிறக்கும் ஈற்றைத் தொட்டு அடைக்க வேண்டும். நம் ட-வைப் போல மடங்க வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழர் 'பற்றி', 'காற்று' என்பவற்றில் ற்ற-வை இந்த இடத்தில்தான் ஒலிக்கிறார்கள்.

குற்றவாளி யார்?

வாயில் எல்லாம் இருக்கிறது என்றால் தடை எங்கே? காதில். இன்னும் சரியாகச் சொன்னால், காதுக்குப் பின்னாலுள்ள மூளையில்.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலக் குடும்பங்களில் வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தி மொழியின் ட, த ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் மிகப் பலர் வேற்றுமையை உணர்ந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலரே உணர்ந்தனர். தாய்மொழிக்குத் தேவையில்லாத வேற்றுமையைக் கவனியாமல் விட, மூளை ஓர் ஆண்டுக்குள் கற்றுக்கொள்கிறது. 'பத்து', 'பட்டு' என்ற வேற்றுமை நமக்கு விளையாட்டு. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பேராசிரியருக்கும் அது பெரும்பாடு! அவர் அறிவில் குறைந்தவர் என்று நாம் சொல்வோமா? அப்படியானால் என் நண்பனைப் பார்த்துச் சிரித்தது எப்படி நியாயமாகும்?

விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியுமா? முடியும். 'கரை', 'கலை' போன்ற சொற்களில் நாம் எளிதாகப் பிரித்தறியும் ர, ல ஒலிகளை ஆங்கிலத்தில் கேட்கும்போது ஜப்பானியர் குழம்பிவிடுவார்கள். இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களுக்குப் பலருடைய குரல்களில் இணைச் சொற்களைக் கேட்கச் செய்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னார்கள். சில வாரங்களில் காது தேறியது என்பது 1991-இல் வெளியான முடிவு. அவ்வாறு காதை மட்டும் பழக்கியபோது பேச்சும் தானே திருந்தியது என்று 1997-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

நீங்களும் செய்யலாம்

அட்டைகளில் படம் வரையுங்கள்: ஆடு – கோட்டு, கரடி – பேரிக்காய், கண்கள் – பனிக்கட்டி, பை – முதுகு, மூன்று – மரம். இணை இணையாக மேசைமேல் வையுங்கள். நண்பன் ஆங்கிலச் சொல்லைச் சொல்லட்டும். நீங்கள் படத்தைத் தொடுங்கள். ஓர் இணைக்கு 10 முறை. பத்துக்கு 5 என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம். 9 என்றால் காது திறந்துவிட்டது. பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். அகராதி, வானொலி, கைபேசி வழியே வெவ்வேறு குரல்களில் அதே சொற்களைக் கேளுங்கள். உங்கள் குரலையும் பதிவு செய்து மறு வாரம் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இங்கிலாந்துக்காரரைப் போலப் பேசுவதன்று நோக்கம். தமிழ் மணம் வீசும் ஆங்கிலத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் சொன்ன ஆடு, கேட்பவர் காதில் கோட்டாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நாளை உங்கள் வகுப்பில் யாராவது மின்விசிறியைப் 'பேன்' என்று படித்தால் சிரிக்காதீர்கள். இடைவேளையில் அவனைக் கண்ணாடி முன் அழைத்துப் போய், "மேற்பல்லை உதட்டில் வைத்து ஊது" என்று சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. என் நண்பனுக்கு அன்று அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.