பெரிய தலைப் பட்ஜி வாங்கப் போகிறீர்களா?

நம் ஜொகூர்ப் பக்கம் பறவைப் போட்டி என்றதும் மெர்போக் புறாதான் நினைவுக்கு வரும். கூண்டை உயரக் கம்பத்தில் ஏற்றிக் கூவ விடுவார்கள், குரலுக்குத்தான் பரிசு. பட்ஜிக்கோ குரல் கணக்கில்லை. உருவத்துக்குத்தான் மதிப்பு.

பலர் 'லவ் பேர்ட்' என்று சொல்லும் இச்சிறு கிளியின் தாயகம் ஆஸ்திரேலியா. 1840-ல் ஜான் கூல்ட் என்பவர் அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 1925-ல் அங்கே வளர்ப்போர் சங்கம் கண்டார்கள். பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததில் பிறந்ததே காட்சிப் பட்ஜி. காட்டுப் பட்ஜி ஏழு அங்குலம் என்றால் இது எட்டரை அங்குலம். நெற்றி இறகு கண்ணை மறைக்கும். தொண்டையில் ஆறு கரும்புள்ளிகள் மாலை போல் அமைந்திருக்க வேண்டும்.

விலையும் பல மடங்கு. ஆகவே மாசாய்க் கடைத்தெருவில் பறவையைப் பார்த்து மயங்குமுன் அதன் காலைப் பாருங்கள். முறையாக வளர்த்த பறவைக்குப் பிறந்த ஆண்டு பொறித்த மூட்டில்லா வளையம் இருக்கும். குஞ்சாக இருக்கையில், ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்து நாளுக்குள்தான் அதை மாட்ட முடியும். பிறகு பாதம் நுழையாது. வெட்டுள்ள வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம். அதை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வளையமே இல்லையா? நெற்றியில் அலகு வரை வரிகள் ஓடினால் இளங்குஞ்சு. மூன்று நான்கு மாதத்தில் இறகு உதிர்ந்ததும் வரி மறைந்துவிடும்.

'ஜோடி' என்று இரண்டு சேவலைத் தலையில் கட்டுவதும் உண்டு. வளர்ந்த பச்சை, நீலப் பறவைகளில் மூக்குத்துளையைச் சுற்றிய பகுதி ஆணுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு.

காட்சிக்கு விடுவதானால் சில வாரம் முன்பே சிறு கூண்டில் தினமும் சற்று நேரம் விட்டுப் பழக்குங்கள். மிரண்டு கம்பியைப் பற்றித் தொங்கும் பறவையை நடுவர் எப்படி அளப்பார்? குச்சியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பொறுமையுள்ள பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

தினையும் சாமையும், கொஞ்சம் கீரையும், கடிக்கக் கணவாய் ஓடும் போதும். தகரக் கூரையின் மதிய வெக்கை இந்தத் தடித்த இறகுக்குத் தாங்காது. கூண்டைக் காற்றோட்டமான நிழலில் மாட்டுங்கள். அடுப்புப் புகையும் கொசுவர்த்திப் புகையும் ஆகவே ஆகா. காட்சி வகை சாதாரணப் பட்ஜி அளவுக்கு நெடுநாள் வாழ்வதும் அரிது. இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதை முப்பது நாளாவது வேறு அறையில் தனிக் கூண்டில் வைத்திருங்கள். எச்சம் நீராகப் போகிறதா, வாலடி அழுக்காகிறதா என்று தினமும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.